நாரிநோவுக்கு ஊசிவழி கண்ட டாக்டர் சிக்கார்

வெருகலாற்றங்கரை வயல்களிலே நாள் முழுதும் குனிந்து கதிரறுத்த நம் முன்னோர்க்கு நாரிநோ புதிதன்று. எண்ணெய் பூசுதலும் ஒற்றடமுமே அவர் கண்ட பரிகாரம். இவற்றுக்கு அடங்காத நோவுக்கு முள்ளந்தண்டின் அருகிலேயே மருந்தை ஏற்றும் முறை இன்று பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. அதற்கு வழிகோலியவர் பிரெஞ்சு மருத்துவர் சிக்கார்.

1872 இல் மார்செய் நகரிற் பிறந்த அவர், திருக்கோணமலையாராகிய நம்மைப் போலவே துறைமுகத்துப் பிள்ளை. பாரிசிலே நரம்பு நோய் மருத்துவராய் விளங்கினார். அவருக்குச் சற்று முன், 1898 இல், செருமானியரான பீயர் முண்ணாணைச் சூழ்ந்த நீரினுள் கொக்கெயினைச் செலுத்தி உடலின் கீழ்ப்பாதியை மரக்கச் செய்தார். சத்திரசிகிச்சைக்கு அது பெரும்பேறு. ஆயினும் தம்மீதே சோதிக்கப் புகுந்த பீயர், சவ்வின் துளைவழி நீர் கசிந்தமையாற் பல நாள் தலைவலியுற்றுக் கிடந்தார்.

சிக்கார் சவ்வைத் துளைக்கவில்லை. 1901 இல், திருவெலும்பின் அடியில் இயற்கையாய் அமைந்த சிறு வாயிலினூடு ஊசியைச் செலுத்திச் சவ்வின் புறத்தே நீர்த்த கொக்கெயினை ஏற்றினார். நாரிப்பிடிப்பாலும் காலுக்கு ஓடும் நரம்பு வலியாலும் வருந்தியோர் ஆறுதல் பெற்றனர். அதே ஆண்டில் அதே வழியைத் தனித்துக் கண்ட கத்தலின் சத்திரசிகிச்சையை நோக்கினார். சிக்கார் வலியையே நோக்கினார்.

கொக்கெயின் நஞ்சுடையது, ஆதலின் வேறு மருந்துகளும் நாடப்பட்டன. கசகசா எண்ணெயில் அயடீன் சேர்த்த லிப்பியொடோலை அவரும் மாணவர் பொரெசுத்தியேயும் நோவுக்காக ஏற்றி வந்தனர். (இம்மாணவர் 1920 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரெஞ்சு றக்பி அணியினர், விளையாட்டு வீரர் கவனிக்க!) எக்ஸ் கதிர்ப்படத்தில் அவ்வெண்ணெய் தெளிவாய்த் தோன்றிற்று. நோ தீர்க்க ஏற்றிய மருந்தே முள்ளந்தண்டினுள் மறைந்த கட்டிகளைக் காட்டும் விளக்காயிற்று. பிற்காலத்தில், உடலிற் கரையாது தங்கிச் சவ்வை அழற்றியமையால், அது அப்பணியினின்று நீக்கப்பட்டது.

1929 இல் சிக்கார் மறைந்தார். 1943 இல் ஆக்கப்பட்ட லிடொக்கேயினையும், 1950 களில் முள்ளந்தண்டுக்குட் புகுந்த ஐதரோகோட்டிசோனையும் அவர் காணவில்லை. இம்மருந்துகள் தரும் ஆறுதல் பலர்க்குச் சில வாரங்களே நிற்கும். அரிதாயினும் நரம்புக்குப் பெருங்கேடு நேரலாமென 2014 இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. ஆதலின் மருத்துவர் முதலில் நீரிற் கரையும் அயடீன் சாயத்தைச் சிறிது விட்டு, ஊசிமுனை நிற்குமிடத்தை எக்ஸ் கதிரிற் கண்ட பின்னரே மருந்தை ஏற்றுகின்றனர்.