கம்ப்யூட்டருக்குப் பாலம் போட்டவர்!

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி மலையைப் பார்த்திருப்பார்கள். உச்சிக் கோட்டையை நெருங்கும் இடத்தில் மலை பிளந்து கிடக்கிறது. பிளவின்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். உச்சியில் உள்ள களஞ்சியத்தில் நெல் அப்படியே இருக்கும். ஆனால் எதிரியால் அங்கே போக முடியாது!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் 'பயாஸ்'. அது கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் கண் விழிக்காது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டு கிடக்கும்.

அந்தப் பெயரை வைத்தவர் யார்? கேரி கில்டால் என்ற அமெரிக்கர்.

கணக்கு வாத்தியார் ஆக ஆசை

கில்டால் 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் ஓட்டும் வித்தையைக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை அவருடைய குடும்பத்தார் நடத்தி வந்தார்கள்.

கணக்கு ஆசிரியர் ஆகவேண்டும் என்பது கில்டாலின் ஆசை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் அவரைக் கவர்ந்தது. 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மாண்டரே நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அன்று பெரிய கம்ப்யூட்டர் ஒன்று ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். 1971-ல் இன்டெல் கம்பெனி, விரல் நகம் அளவே உள்ள 'சிப்' ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கணக்குப் போடும் மூளை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது! கில்டால் அதில் மூழ்கினார்.

1974-ல் 'சி.பி.எம்.' என்ற புரோகிராமை எழுதினார். சிறிய கம்ப்யூட்டரையும் அதன் டிஸ்க்கையும் ஆட்டிவைக்கும் புரோகிராம் அது. அதை விற்பதற்காக, மனைவி டாரதியுடன் சேர்ந்து 'டிஜிட்டல் ரிசர்ச்' என்ற கம்பெனியை ஏற்படுத்தினார்.

அடுப்பு வேறு, சமையல் ஒன்று

அங்கேதான் ஒரு தொல்லை வந்தது. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்காக எழுதிய புரோகிராம் மற்றொன்றில் ஓடாது.

கில்டால் யோசித்தார். வீட்டுக்கு வீடு அடுப்பு மாறலாம். அதற்காக யாராவது சாம்பார் வைப்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்களா? இல்லை! அடுப்பு மூட்டும் விதம் மட்டுமே மாறுகிறது.

அதேபோல அவர் புரோகிராமை இரண்டாகப் பிரித்தார். கருவிகளோடு நேரடியாகப் பேசும் சிறு பகுதியைத் தனியே வைத்து, அதற்கு 'பயாஸ்' என்று பெயரிட்டார். புதிய கம்ப்யூட்டர் வந்தால் அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்!

கை நழுவிய வாய்ப்பு

1980-ல் ஐ.பி.எம். கம்பெனியார் கில்டாலின் கம்பெனியைத் தேடி வந்தார்கள். பேச்சு நடந்தது, உடன்பாடு ஏற்படவில்லை. வாய்ப்பு பில் கேட்ஸின் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் போயிற்று.

1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்கான மைக்ரோசாப்ட் புரோகிராமின் விலை 40 டாலர். பின்னர் வந்த கில்டாலின் புரோகிராம் 240 டாலர். மக்கள் எதை வாங்குவார்கள்?

ஆனால் 'பயாஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஐ.பி.எம். அதை ஒரு சிப்பில் பதித்து வைத்தது. சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது அதுதான்.

பாலம் உடைந்தால்?

பின்னாளில், அழித்து எழுதக்கூடிய சிப்புகள் வந்தன. வசதியோடு ஆபத்தும் வந்தது. புதிய பயாஸை எழுதும்போது கரண்டு போனால் பாதி எழுத்துதான் நிற்கும். 1999 ஏப்ரல் 26-ந் தேதி, 'செர்னோபில்' என்ற வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸையே அழித்தது.

கம்ப்யூட்டர் எழவில்லை என்றதும் பயாஸ்தான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. முதலில் கரண்டு ஒயரையும் திரையின் ஒயரையும் பார்க்கவேண்டும். கரண்டை எடுத்துவிட்டு, ராம் அட்டையைக் கழற்றிச் சரியாகப் பொருத்தவேண்டும். உள்ளே உள்ள காசு வடிவ பாட்டரியையும் பார்க்கவேண்டும்.

அதன் பிறகும் எழாவிட்டால் பயாஸைச் சந்தேகிக்கலாம். பல கம்ப்யூட்டர்களில் அதை மீட்க வழி உண்டு. அதே மாடலுக்கு உரிய பைலைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து எடுத்து, பென் டிரைவில் போட்டு, கையேடு சொல்லும் பொத்தானை அழுத்தவேண்டும். வேறு மாடலின் பைல் உதவாது. இந்த வழி இல்லாவிட்டால், பழுது பார்ப்பவர் அந்தச் சிப்பைத் தனிக் கருவியில் வைத்து மறுபடி எழுதுவார்.

குழந்தைகளின் படங்களும் கடைக் கணக்கும் இருப்பது டிஸ்க்கில். பயாஸ் கெட்டதால் அவை அழிவதில்லை. பாலம் போனாலும் களஞ்சியத்து நெல் போகாதல்லவா? ஆகவே அவசரப்பட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி எறியக்கூடாது.

கடைசி நாட்கள்

கில்டால் 1983 முதல் 1990 வரை டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பற்றிய நிகழ்ச்சியில் தோன்றி மக்களுக்கு விளக்கம் சொன்னார். 1991-ல் அவருடைய கம்பெனியை நாவல் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. 1994 ஜூலையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். 11-ந் தேதி மாண்டரேயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

2014-ல், அவர் கம்பெனி நடத்திய பசிபிக் குரோவ் ஊரில் நினைவுப் பலகை வைத்தார்கள்.

இப்போதைய கம்ப்யூட்டர்களில் பயாஸின் இடத்துக்கு 'யு.இ.எப்.ஐ.' என்ற புதிய ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் பழுது பார்ப்பவர்கள் இன்னும் அதைப் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள்.