வாரன் ஹார்டிங்: ஒரு துளி இரத்தத்தின் மீதான குற்றச்சாட்டு

1920ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் வாரன் ஹார்டிங்கின் முன்னோரில் கறுப்பினத்தவர் இருந்தனர் என்று கூறும் துண்டறிக்கைகள் பரவத் தொடங்கின. அவரது கொள்கையையோ நேர்மையையோ அவை கேள்விக்கு உட்படுத்தவில்லை. அவரது பிறப்பையே குற்றமாக்கின.

ஓஹையோ மாநிலத்தின் புளூமிங் குரோவ் என்னும் சிற்றூரில் 1865 நவம்பர் 2 அன்று ஹார்டிங் பிறந்தார். அடுத்த மாதமே அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. சட்டம் அடிமை முறையை ஒழித்தபோதும், மனிதரை இரத்தத்தால் அளக்கும் வழக்கம் ஒழியவில்லை. ஹார்டிங் குடும்பத்தைப் பற்றிய வதந்தி, அவர் பிறக்கும் முன்பிருந்தே ஊரில் உலவியது. முன்னோர் ஒருவரிடம் பிடிபட்ட திருடன் பழிவாங்கக் கட்டிவிட்ட கதை அது என்பது குடும்பத்தாரின் விளக்கம்.

1884இல் மேரியன் நகரில் நலிந்துகிடந்த ஒரு நாளிதழை வாங்கி ஹார்டிங் வளர்த்தெடுத்தார். 1891இல் ஃபுளோரன்ஸ் கிளிங்கை மணந்தார். நகரின் பெருஞ்செல்வரான பெண்ணின் தந்தை அத்திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தார். பழைய வதந்தியையே ஆயுதமாகவும் ஏந்தினார். இனத் தூய்மையின் முதல் காவல் வீடுதான் என்பதை நாம் அறிவோம்.

1920இல் அதே வதந்திக்குக் கல்விப்புல முகமூடி அணிவித்தவர், ஊஸ்டர் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் சான்சலர். வெள்ளை மேலாதிக்கத்தில் ஊறிய அவர், முதியோர் சிலரின் வாக்குமூலங்களைத் திரட்டி ஒரு வம்சாவளியை உருவாக்கினார். கல்லூரி அவரைப் பதவிநீக்கம் செய்தது. குடியரசுக் கட்சியோ, ஹார்டிங் தூய வெள்ளை மரபினர் என்று காட்டும் மற்றொரு வம்சாவளியை வெளியிட்டது. கறுப்பின மூதாதை இருந்தால்தான் என்ன என்று இரு தரப்பிலும் எவரும் கேட்கவில்லை.

அன்றைய சட்டமும் கேட்கவில்லை. எட்டில் ஒரு பங்கே கறுப்பின மரபு கொண்ட ஹோமர் பிளெஸ்ஸியை வெள்ளையர் ரயில் பெட்டியிலிருந்து விலக்கியது செல்லும் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1924இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், ஒரு துளி கறுப்பின இரத்தத்தையும் மறுப்புக்குரியதாக்கியது. குற்றம் சாட்டுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நீதி நெறி இங்கே தலைகீழானது.

ஹார்டிங் சுமார் 60 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். 1921 அக்டோபர் 26 அன்று அலபாமாவின் பர்மிங்காம் நகரில், நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு நின்ற கூட்டத்தின் முன் அவர் பேசினார். கறுப்பினத்தவருக்கு அரசியல், கல்வி, பொருளாதார உரிமைகள் வேண்டும் என்று தெற்கின் மண்ணிலேயே வலியுறுத்தினார். ஆனால் சமூகச் சமத்துவத்தையும் இனக்கலப்பையும் அதே உரையில் மறுத்தார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அந்த மறுப்பை வன்மையாகக் கண்டித்தார். கும்பல் கொலைக்கு எதிரான டையர் மசோதாவை ஹார்டிங் ஆதரித்தார். 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அதனைத் தென்மாநில உறுப்பினர்கள் செனட்டில் முடக்கினர். அவ்வாண்டே சான்சலர் பெயரில் வெளிவந்த நூலை அரசின் முகவர்கள் பறித்து அழித்தனர். 1923 ஆகஸ்ட் 2 அன்று, பதவியில் இருக்கையிலேயே, 57ஆம் வயதில் ஹார்டிங் இறந்தார்.

2015இல் அவரது உறவினர்களின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. அண்மைத் தலைமுறைகளில் ஆப்பிரிக்க மரபுக்கான தடயம் கிட்டவில்லை. இதனால் ஹார்டிங் மீதான களங்கம் துடைக்கப்பட்டதாக மகிழ்வோர், கறுப்பின மரபு களங்கமே என்று ஒப்புக்கொள்கிறார்கள். தூய இனம் என்று எங்கும் இல்லை என்பதைச் சாதி ஒழிப்பு குறித்த தம் 1936ஆம் ஆண்டு நூலில் அம்பேத்கர் நமக்கு உணர்த்தியிருக்கிறார். ஹார்டிங் வழக்கில் வேண்டியது அவருக்கான விடுதலைத் தீர்ப்பு அன்று. பிறப்பின் மீது குற்றம் சுமத்தும் அந்த வழக்கையே தள்ளுபடி செய்வதுதான்.