குருதிக்குள் வரிசை கண்டவர்: ஆர்னே திசேலியஸ்

சுன்னாகம் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று சந்தை, மற்றது மின்நிலையம். சந்தையில் வெங்காயத்தையும் வாழைக்குலையையும் தரம் பிரிக்கக் கண்ணும் கையும் போதும். கண்ணுக்கே தெரியாத துணிக்கைகளைத் தரம் பிரிப்பது எப்படி? மின்சாரத்தைக் கொண்டு அதைச் செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்கே எழுத விரும்புகிறேன்.

ஆர்னே திசேலியஸ் 1902 ஆகஸ்ட் 10இல் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் பிறந்தார். 1906இல் தந்தை இறந்துவிட, குடும்பம் உறவினர் வாழ்ந்த கோத்தன்பேர்க் நகருக்குச் சென்றது. 1921இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1925இல் புகழ்பெற்ற இரசாயனவியலாளர் ஸ்வெட்பேர்க்கின் ஆய்வு உதவியாளரானார்.

நீரில் மிதக்கும் துணிக்கைகள் மின்புலத்தில் நகரும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1807இலேயே ரொய்ஸ் என்பவர் மொஸ்கோவில் களிமண் துணிக்கைகளில் இதைக் கண்டிருந்தார். நேரேற்றம் உள்ளது எதிர்முனையை நோக்கியும், மறையேற்றம் உள்ளது நேர்முனையை நோக்கியும் செல்லும். ஏற்றமும் பருமனும் வேறுபடுவதால் வேகமும் வேறுபடும். ஆகவே ஒன்றாகப் புறப்பட்டவை வழியிலேயே பிரிந்துவிடும். இம்முறைக்கு இலத்திரோபோரெசிஸ் என்று பெயர்.

புரதங்களை இவ்வாறு பிரிப்பதைப் பற்றியே திசேலியஸ் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை 1930இல் எழுதி முடித்தார். பட்டம் கிடைத்தது, மனநிறைவு கிடைக்கவில்லை. மின்னோட்டம் கரைசலைச் சூடாக்கியது. சூட்டினால் உள்ளே மேற்காவுகை ஓட்டங்கள் எழுந்து, பிரிந்தவற்றை மீண்டும் கலக்கிவிட்டன. அவர் அத்துறையை விட்டு வேறு ஆய்வுகளுக்குத் திரும்பினார்.

1934, 1935 காலப்பகுதியில் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பழைய கேள்விக்குத் திரும்ப அவருக்கு ஊக்கம் பிறந்தது. நாடு திரும்பிக் கருவியைப் புதிதாக அமைத்தார். வெப்பம் விரைவாக வெளியேறத் தட்டையான குழாய்களைப் பயன்படுத்தினார். கரைசலை ஏறக்குறைய 4 பாகை செல்சியசுக்குக் குளிரவைத்தார். அந்த வெப்பநிலையின் அருகே நீரின் அடர்த்தி மிகக் குறைவாகவே மாறும் என்பது எமது பாடநூலிலும் உள்ள செய்திதான். அதனால் ஓட்டங்கள் அடங்கின. வலிமையான மின்புலத்தையும் பயன்படுத்த முடிந்தது.

1937இல் முடிவு வெளிவந்தது. குருதிச் சீரத்தில் அல்புமினைத் தவிர, அல்பா, பீற்றா, காமா என மூவகைக் குளோபுலின்கள் தனித்தனியே தெரிந்தன. 1938இல் அவர் உப்சாலாவில் உயிர் இரசாயனப் பேராசிரியரானார். நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் காமாப் பகுதியில் இருப்பதை 1939இல் எல்வின் கபற்றுடன் சேர்ந்து காட்டினார். 1948இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பின்னர் 1960 முதல் 1964 வரை நோபல் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். 1971 ஒக்ரோபர் 29இல் காலமானார்.

அவர் காட்டிய வழி இன்று எமது வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. தலசீமியா நோயின் காவிகளாக இருப்போர் நலமாகவே தோன்றுவர். அவர்களது ஹீமோகுளோபின் வகைகளை இலத்திரோபோரெசிஸ் மூலம் பிரித்துப் பார்த்து உண்மையை அறியலாம். தாய், தந்தை இருவரும் காவிகளானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்பிள்ளை கடும் நோயாளியாயின் வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றவேண்டி வரலாம். ஆதலால் திருமணப் பேச்சில் மஹரையும் நாளையும் பேசும் பெற்றோர், இந்தக் குருதிப் பரிசோதனையையும் பேச வேண்டும் என்று ஒரு மகளாகக் கேட்டுக்கொள்கிறேன். அது வெட்கத்துக்குரிய பேச்சன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் கடமை.

இன்று விஞ்ஞானிகள், தலைமுடியளவு அகலமுள்ள கால்வாய்களைச் சிறு கண்ணாடித் தகட்டில் அமைத்து, மின்புலத்தால் ஒரு துளி குருதியிலிருந்து கலங்களையும் புரதங்களையும் பிரிக்கிறார்கள். கால்வாய் ஒடுங்கியதாக இருப்பதால் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. திசேலியஸைத் தடுத்த அதே வெப்பந்தான். அவர் கைவிட்டது ஒரு கருவியை மட்டுமே, கேள்வியைக் கைவிடவில்லை. அதனால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.