சிரிக்க வைத்தவர் சிறையில் இருந்தார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரவு ஷிப்டு முடித்து வரும் தோழனே! உன் தெருவில் ஒருவனைக் கொலை வழக்கில் பிடித்துச் சென்றால், மறுநாளே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. திருவள்ளூர் செஷன்ஸ் கோர்ட்டில் அவன் ஜாமீன் கேட்டால், கொலைகாரனுக்கு ஜாமீனா என்று கொதிக்கிறது. கொதிக்கும் முன் கலைவாணரை நினைத்துப் பார்!

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் என். எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன் மேடை ஏறினான், திரை ஏறினான், நாட்டையே சிரிக்க வைத்தான். சிரிப்புக்குள் சிந்தனையை வைத்தார். ஈட்டியதை இல்லாதோர்க்கு ஈந்தார்.

1944 நவம்பரில், சென்னை வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்துண்டு மாண்டார். டிசம்பரில் கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை! ஐகோர்ட்டில் அப்பீலும் தோற்றது. மதுரம் அம்மையார் மனம் தளரவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி அது சொல்ல, 1947 ஏப்ரலில் அதே ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. தண்டனைக்குப் பின் மட்டும் ஏறத்தாழ இரண்டாண்டு சிறை! அதை எந்தக் கோர்ட் திருப்பித் தந்தது?

புகழ் படைத்தவருக்கே இந்தக் கதி. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு லண்டன் ஏது, லட்சம் ஏது?

ஜாமீன் என்பது விடுதலை அல்ல, தோழனே! நீதிபதி அப்போது தீர்ப்புச் சொல்வதில்லை. குற்றம் எவ்வளவு கொடியது, மேலோட்டமாகத் தெரியும் சாட்சியம் என்ன, ஆள் ஓடிவிடுவானா, சாட்சியை மிரட்டுவானா என்று எடை போடுகிறார். செத்தவன் வீட்டுக் கண்ணீரும் அந்தத் தராசில் ஏறத்தான் வேண்டும்; மிரட்டுபவன் உள்ளே இருக்கட்டும். ஆனால், கொலை வழக்கானாலும் 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தராவிட்டால், ஜாமீன் கேட்டுப் பெறுவது அவன் உரிமை. தண்டனை பெற்றவனுக்கும் வழி உண்டு. நியாயமான காலத்தில் அப்பீலை விசாரிக்க இயலாதபோது, வலுவான காரணம் இருந்தாலன்றி அவனை ஜாமீனில் விடவேண்டும் என்று 1977-ல் காஷ்மீரா சிங் கொலை வழக்கிலே சுப்ரீம் கோர்ட் சொன்னது. கலைவாணர் சிறை மீண்டு முப்பது ஆண்டு கழித்து வந்த வார்த்தை அது!

மீண்டவர் 1949-ல் அண்ணா எழுதிய நல்லதம்பியில் நடித்தார், 1957-ல் மறைந்தார். 1969 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையிலும் தியாகராய நகருக்கு வந்து அவர் சிலையைத் திறந்தார் அண்ணா. கொலைகாரர் என்று ஒருநாள் தீர்ப்பெழுதப்பட்டவருக்குத்தான் அந்தச் சிலை. அடுத்தமுறை உன் தெருவில் ஒருவனைப் பிடித்துச் செல்லும்போது, தோழனே, அதை மறவாதே!