ஆனிரைத் துயர்தீர்த்த திருமூலதேவ நாயனார்

உயிர்களுட் பேசுவன சில, பேசாதன பல. பேசுவார் துயரைச் செவியுடையார் யாவரும் அறிவர். பேசாதன படுந் துயரை அறிதற்கோ செவி மாத்திரம் போதாது. அடங்கிய மனமும் அருளும் வேண்டும். அங்ஙனம் வாயில்லாச் சீவன்களின் உள்ளத்தை அறிந்து, அவற்றின்பொருட்டுத் தமது சரீரத்தையே விட்டுநீங்கியவர் ஒருவர் நம் சமயத்தில் உளர். அவர் அறுபத்துமூவருள் ஒருவராகிய திருமூலதேவ நாயனார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவரைத் திருத்தொண்டத்தொகையிற் போற்றினார். நம்பியாண்டார் நம்பி தமது அந்தாதியிற் சுருங்கக் கூறினார். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் விரித்தருளினார். அவ்விரிவின் வழிநின்றே ஈண்டுச் சொல்லப்புகுகின்றோம்.

திருக்கயிலாயத்திலே திருநந்திதேவரது திருவருள் பெற்ற மாணாக்கருள், அணிமா முதலிய சித்திகள் எல்லாம் கைவந்த யோகியார் ஒருவர் இருந்தார். அவர் பொதியமலையில் எழுந்தருளிய அகத்திய முனிவரிடத்து நட்புடையராய், அவரைக் காணும் விருப்பினாலே தென்றிசை நோக்கிப் புறப்பட்டார். திருக்கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, ஸ்ரீபருப்பதம், திருக்காளத்தி, திருவாலங்காடு, காஞ்சீபுரம், திருவதிகை என்னும் தலங்களை வணங்கித் தில்லையை அடைந்து திருநடனங் கண்டு களித்தார். பின் காவிரியில் நீராடித் தென்கரை ஏறித் திருவாவடுதுறையை அடைந்தார். அம்மையார் பசுவடிவாய் நின்று பெருமானைப் பூசித்த தலம் அது. அத்தலத்தை விட்டு நீங்க மனமின்றித் தங்கிப் பின் ஒருவாறு வழிக்கொண்டார்.

காவிரிக்கரைச் சோலையின் ஓரத்தே பசுக்கூட்டம் ஒன்று கதறுதலைக் கண்டார். சாத்தனூர் அந்தணரது பசுக்களை மேய்த்துவந்த மூலன் என்னும் இடையன், வினைவயத்தால் உயிர்நீங்கி நிலத்திலே கிடந்தான். பசுக்கள் அவன் உடம்பைச் சூழ்ந்துநின்றன, சுற்றிச்சுற்றி வந்தன, மோந்து மோந்து அலறின. புல்லிருந்தும் மேய்ந்தில, ஆறிருந்தும் நீர் பருகில. வழிச்செல்வோர் பிறர் கண்டிருப்பின், மாடுகள் மிரண்டன என்று கருதித் தம் வழியே போயிருப்பர். யோகியாரோ நின்றார். மேய்ப்பான் உயிர்பெற்றாலன்றி இவற்றின் துயரம் நீங்காது என்பது திருவருளால் அவர் உள்ளத்திற் புலப்பட்டது.

இவ்வறிவு அவருக்கு எங்ஙனம் வாய்த்தது? யோகநெறியின் முதலுறுப்பு இயமம்; அதனுள் முதலில் வைத்தெண்ணப்படுவது கொல்லாமை. கொல்லாமையில் உறுதியாய் நின்றவன் முன்னே உயிர்கள் தம்முட் பகைமறக்கும் என்பதும், ஒலியையும் பொருளையும் கருத்தையும் வேறுபிரித்து நோக்கி மனத்தை ஒடுக்குவோனுக்கு எல்லா உயிர்களின் ஒலியும் விளங்கும் என்பதும் பதஞ்சலி யோகசூத்திரத்தின் துணிபு. பசுவின் குரலிலே பொருளுண்டு என்பதை இக்காலத்து உயிர்நூலாரும் மறுத்திலர். தாய்ப்பசுவுக்கும் கன்றுக்கும் தனித்தனிக் குரலடையாளம் உண்டென்றும், தம்மைப் பேணுவாரைப் பிறரினின்றும் மாடுகள் பிரித்தறியும் என்றும் அவர் ஆராய்ந்து கண்டுளர். மாட்டின் காதும் வாலும் மூச்சும் நோக்கி அதன் நிலையைச் சொல்லும் இடையரை நாமும் கண்டிருக்கின்றோம். யோகியாரது அறிவு இவற்றினும் மேற்பட்டது. ஆயினும் நிற்றலும் நோக்குதலுமே அதற்கும் வாயில்.

அறிந்தவர் அறிந்தமட்டில் அமைந்தாரல்லர். தமது உடம்பை ஓரிடத்திலே சேமமாக வைத்துப் பரகாயப் பிரவேசத்தால் மூலனுடைய உடம்பினுட் புகுந்து திருமூலராய் எழுந்தார். பசுக்கள் களித்தன, நாத்தழும்ப நக்கின, மோந்தன, கனைத்தன, வாலெடுத்துத் துள்ளின, பின்பு மேயச் சென்றன. அவை வயிறார மேய்ந்து, நீர் பருகிக் கரையேறியபின், நிழலிலே இளைப்பாறச்செய்து காத்திருந்தார். மாலையிற் பசுக்கள் தத்தம் கன்றை நினைந்து தாமே ஊர்நோக்கி நடந்தன. எண்வகைச் சித்தியும் உடையார் அவற்றை ஓட்டிச் சென்றாரல்லர். அவற்றின் பின்னே சென்றார்.

பசுக்கள் வீடுதோறும் புகுந்தன. அவர் வீதியிலே தனியே நின்றார். நாயகன் வரவு தாழ்த்ததென்று அஞ்சித் தேடிவந்த மூலன் மனைவி, அவரைத் தீண்டப் புகுந்தாள். அவர் தடுத்துத் தமக்கும் அவளுக்கும் யாதோர் உறவும் இல்லையென்று அறிவித்துப் பொதுமடத்திற் புகுந்து யோகத்தில் அமர்ந்தார். மறுநாள் அவள் முறையிட, ஊர்ப்பெரியோர் வந்து நோக்கி, இது பித்தும் அன்று, பேயும் அன்று, சிவயோகம் என்று தெளிந்து, அவளைத் தேற்றி அழைத்துச் சென்றனர்.

இவ்விடத்தே கற்போர் சிலர் ஐயுறுவர். பசுக்களின் துயர் தீர்த்தவர் அப்பெண்ணின் துயர் தீர்த்திலரே என்பர். பசுக்கள் வேண்டியது காவல், அதனைப் பொய்யின்றிக் கொடுத்தல் கூடும், கொடுத்தார். அவள் வேண்டியது தன் நாயகன், அவன் இறந்துபட்டான். அவனைப்போல நடித்து அவள் இல்லம் புகுதல் வஞ்சமாம். கருணை பொய்யாய் முடிதல் தகாது என்றே அவர் விலகினார். அவள் துயர் சிறிதென்று நாம் கொள்ளற்க.

பின்பு அவர் பசுக்கள் வந்தவழியே மீண்டு, தமது உடம்பை வைத்தவிடத்துத் தேடினார், கண்டிலர். ஆகமப்பொருளை இவர் வாக்கினாலே தமிழில் வகுக்கத் திருவுளங்கொண்டு, சிவபெருமான் அவ்வுடம்பை மறைத்தருளினார் என்பதை ஞானத்தால் உணர்ந்தார். வருந்தினாரல்லர். திருவாவடுதுறைத் திருக்கோயிலின் மேற்றிசையில் அரசமரத்தின் கீழே யோகத்தமர்ந்து, ஆண்டிற்கு ஒரு பாடலாக 3000 ஆண்டில் 3000 பாடல் அருளிச்செய்து, முடிவிலே கயிலையை அடைந்தார் என்பர் சேக்கிழார் சுவாமிகள். அதுவே ஒன்பது தந்திரங்களாய்ப் பத்தாந் திருமுறையாக விளங்கும் திருமந்திரம்.

அந்நூலிலே உயிருக்குப் பசு என்பதே பெயர். ஐம்பொறிகளும் மேய்ப்பாரின்றித் திரியும் பசுக்களாக உருவகிக்கப்படும். பசுவுக்கு ஒருபிடி புல்லேனும் கொடுத்தல் யாவர்க்கும் இயலும் அறமென்று அங்கே விதிக்கப்படும். ஒருநாள் மாடு மேய்த்த அனுபவம் அந்நூலில் மணக்கின்றதென்று கூறின் மிகையாகாது.

மிஷன் பாடசாலையிற் கற்ற யாம், பறவைகளுக்குப் போதித்தவரென்று அசீசி நகரத்துப் பிரான்சிசு முனிவரது சரிதையை இளமையிற் கேட்டு வியந்தோம். அவர் 1226இல் மறைந்தவர், போற்றத்தக்க பெரியார். ஆயின் நம் வீட்டுச் சரிதையை அப்போது அறிந்திலோம். பின் ஆசிரியத் தொழில் பூண்டபோது, பாடம் வாராத பிள்ளையை நோக்கி மாடு மேய்க்கத்தான் தகுவாய் என்று யாமும் வைததுண்டு. ஒருநாள் அங்ஙனம் வையப்பட்ட சிறுவன், தன் வீட்டுப் பசு கன்றீனும் வேளையைக் குறிகண்டு முன்னரே தந்தைக்கு உரைத்தான் என்று கேள்வியுற்றோம். வகுப்பிலுள்ளார் எவரும், யாமுட்பட, அக்குறியை அறியோம். திருமூலர் சரிதையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் அவ்வசவு எம் நெஞ்சைச் சுடும். அதன்பின் அச்சொல்லை விட்டோம்.

ஆதலாற் சைவச் சிறுவர்க்கு யாம் சொல்வது இது. கொட்டிலுக்குட் புகும்போது விரைந்து புகாதீர். கோல் எடாதீர். பசு உங்களை மோந்து அறியுமளவும் நில்லுங்கள். கன்றைப் பிரிந்த தாய் கதறுமாயின், இரைச்சலென்று காதைப் பொத்தாதீர்; காரணந் தேடுங்கள். ஒருபிடி புல்லை உங்கள் கையாற் கொடுங்கள். இவற்றை நாடோறும் செய்வார்க்கு மனம் அடங்கும். அடங்கிய மனத்திற்குப் பிறவுயிரின் துயர் கேட்கும்.

ஐப்பசி அசுவினி திருமூலதேவ நாயனாரது குருபூசைத் தினம். அன்று திருமந்திரம் ஓதி, ஆவுக்குப் புல்லளித்து வழிபட்டு உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.