கிருமி வந்த வழியைக் கண்டுபிடித்த பினாங்கு மருத்துவர்

மருத்துவமனையில் ஒரே வார்டில் இருக்கும் மூன்று நோயாளிகளுக்கு அடுத்தடுத்து ஒரே பாக்டீரியா தொற்றினால், மருந்து கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. யார் முதலில் நோயுற்றார், எந்தக் கட்டிலில் இருந்தார், அவரைக் கவனித்தவர்கள் யார் என்று பட்டியல் போட வேண்டும். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். கிருமி வந்த வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும். ஜோகூரில் நுண்ணுயிரியல் பயிலும் எனக்கு, இந்தப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் நம் நாட்டில் பிறந்த ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் டாக்டர் வூ லியன் தே.

1879 மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார் வூ. தந்தை சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்த வூ, 1896-இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். லண்டன், லிவர்பூல், பாரிஸ் நகரங்களிலும் பயிற்சி பெற்றார். 1903-இல் தாயகம் திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர் பினாங்கில் கிளினிக் நடத்தினார். அங்கே அபின் பழக்கத்துக்கு எதிராகக் குரல் கொடுத்ததால் அபின் வணிகர்களின் பகையைத் தேடிக்கொண்டார். 1908-இல் சீனாவின் தியன்ஜின் நகருக்குச் சென்று, இராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநரானார்.

1910 டிசம்பரில் அவருக்கு ஓர் அவசர அழைப்பு வந்தது. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் ஒரு மர்ம நோய் பரவிக்கொண்டிருந்தது. காய்ச்சலும் இரத்தம் கலந்த சளியும் கண்ட ஓரிரு நாளில் மக்கள் இறந்தார்கள். வூ ஹார்பின் நகரில் இறங்கியபோது அவருக்கு வயது 31. என்னைவிடப் பதினொரு வயதுதான் கூடுதல்.

பிளேக் என்றால் எலியும் அதன் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. ஆனால் ஹார்பினில் எலிகளை அறுத்துப் பார்த்தும் கிருமி கிடைக்கவில்லை. அந்தக் காலச் சீனாவில் இறந்தவர் உடலை அறுப்பது பெரும் பாவமாகக் கருதப்பட்டது. இருந்தும், நோயால் இறந்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை வூ இரகசியமாகப் பரிசோதித்தார். நுரையீரல் முதலிய உறுப்புகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் பிளேக் பாக்டீரியா இருந்தது. நோயாளிகளோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கே நோய் கண்டதையும் அவர் கவனித்தார். இது நுரையீரல் பிளேக், இருமல் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் பரவுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

மருத்துவர்கள், தாதியர், பணியாளர்கள் அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்றார் வூ. மெல்லிய வலைத்துணி மடிப்புகளுக்கு நடுவே பஞ்சு வைத்த எளிய கவசம் அது. அறுவை சிகிச்சையின்போது கவசம் அணியும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. கொள்ளைநோயைத் தடுக்க அதை இவ்வளவு பேருக்கு அணிவித்ததுதான் புதிது.

எல்லாரும் அதை ஏற்கவில்லை. பிரெஞ்சு மருத்துவரான மெனி வயதில் மூத்தவர், அனுபவசாலி. எலிதான் காரணம் என்பதில் உறுதியாக இருந்த அவர், ஓர் இளம் சீன மருத்துவர் தனக்குச் சொல்லித்தருவதை அவமானமாகக் கருதினார். கவசம் இல்லாமலேயே ஹார்பினின் பிளேக் மருத்துவமனைக்குள் சென்று நோயாளிகளைச் சோதித்தார். சில நாள்களில் அதே நோயால், 1911 ஜனவரி 11-இல் மாண்டார். அதன் பிறகுதான் நகரமே கவசத்தைத் தேடியது. எவ்வளவு பெரிய அனுபவமும் ஆய்வுக்கூடச் சான்றுக்கு முன் பணிய வேண்டும் என்பதற்கு ஓர் உயிர் விலையானது.

வூ அத்துடன் நிற்கவில்லை. நோயாளிகளுடன் பழகியவர்களைத் தனிமைப்படுத்த 120 சரக்கு இரயில் பெட்டிகளை ரஷ்யர்களிடம் இரவல் வாங்கினார். கடுங்குளிரில் மண் உறைந்து போனதால் புதைக்க வழியின்றி 2,000-க்கும் மேற்பட்ட சடலங்கள் இடுகாட்டில் கிடந்தன. அவற்றை எரிக்கப் பேரரசின் அனுமதியைப் பெற்று, ஜனவரி 31-இல் எரியூட்டத் தொடங்கினார். முன்னோரை மண்ணில் அடக்கம் செய்யும் மரபில் வந்தவர்களுக்கு அது எளிதான முடிவல்ல. மார்ச் முதல் நாளுக்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி எவரும் இல்லை. ஆனால் அதற்குள் அந்த வட்டாரத்தில் சுமார் 60,000 பேர் இறந்துவிட்டனர். ஏப்ரல் மாதம் முக்டென் நகரில் நடந்த அனைத்துலக பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார்.

1935-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஜப்பானியப் படையெடுப்பு நடந்த 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண கிளினிக் மருத்துவராகப் பணியாற்றினார். 1960 ஜனவரி 21-இல் பினாங்கில் காலமானார்.

இன்று நம் மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினர் செய்வதும் இதே வேலைதான்: சந்தேகப்படு, மாதிரி எடு, வழியைக் கண்டுபிடி, அடைத்துவிடு. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்த வேலைக்குப் பல துறையினர் தேவைப்படுகிறார்கள். உயிரியலில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகளே, மருத்துவர் ஆக இடம் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். நுண்ணுயிரியல், தாதிமை, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், புள்ளியியல் என இத்துறைக்குள் நுழையப் பல கதவுகள் உண்டு. அதற்கு முன், அடுத்த முறை உறவினரைப் பார்க்க வார்டுக்குப் போகும்போது, வாசலில் இருக்கும் கிருமிநாசினியால் கையைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.