விளக்கேந்திய அம்மையார்

மே 12ஆம் நாள் உலகெங்கும் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பதை நாம் அறிவோம். 1820ஆம் ஆண்டு அதே நாளில், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், ஆங்கிலச் செல்வக் குடும்பமொன்றில் பெண் குழந்தை பிறந்தது. அந்நகரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். அக்குழந்தையே பின்னாளில் உலகம் போற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அக்காலத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது இழிவான வேலையாகக் கருதப்பட்டது. மகள் செவிலியாக விரும்பியபோது பெற்றோர் பதறித் தடுத்தனர். அம்மையாரோ மனம் தளரவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பயிற்சி பெற்றார்.

அந்நாளில் கிரிமியப் போர் மூண்டது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அவர்களுள் பதின்மர் கத்தோலிக்கக் கன்னியர். மதர் கிளேர் மூர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். அழுக்கும் எலிகளும் நிறைந்த அவ்விடத்தில் துணி வெளுக்கவும் நல்லுணவு சமைக்கவும் ஏற்பாடு செய்தார் அம்மையார். இரவில் விளக்கேந்தி, படுக்கை படுக்கையாகச் சென்று வீரர்களைப் பார்த்து வந்தார். இறந்தவர்களின் வீட்டாருக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதினார்.

ஆயினும் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தனை அன்பு காட்டியும் அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூனில் அத்தொகை இரண்டாகக் குறைந்தது. தாயகம் திரும்பிய பின் கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் அம்மையாருக்கு உண்மை முழுவதும் விளங்கிற்று. அதை அவர் மறைக்கவில்லை. வரைபடங்களாகத் தீட்டி ஆட்சியாளர் முன் வைத்து, மருத்துவமனைகளைச் சீர்திருத்தப் போராடினார். அன்போடு அறிவும் தூய்மையும் சேர்ந்தாலன்றி உயிர் பிழைக்காது என்பதே அவர் கண்ட பாடம்.

1856இல் அவரை வரவேற்க நாடே காத்திருந்தது. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, ஆரவாரமின்றி வீடு சேர்ந்தார். அவரைப் பாராட்டி மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1907இல் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' விருது பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்ட் 13இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ சிற்றூரிலுள்ள அவரது கல்லறையில் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாள்களுமே உள்ளன.

தம் பெயரை மறைத்துக்கொண்ட அவரது பெயரால் இன்று பிறர் போற்றப்படுகின்றனர். 1912இல் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்படுத்திய பதக்கமும், 1973 முதல் நம் இந்திய அரசு வழங்கும் விருதும் சிறந்த செவிலியரைத் தேடிச் செல்கின்றன.

தோழியரே! பதக்கம் வழங்க நம்மால் இயலாது. ஆனால் நோயுற்ற நம்மை இரவெல்லாம் விழித்துக் காத்த செவிலியின் பெயரையாவது நாம் கேட்டதுண்டா? அடுத்த முறை கேட்போம்; நன்றி கூறுவோம். அதுவே அம்மையாரின் விளக்கிற்கு நாம் வார்க்கும் எண்ணெய்!